‘சந்தேகங்கள்’ என்று பெயர் வைத்த புத்தகங்கள்

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மே மாத மதியம். வெயிலுக்குப் பயந்து எல்லாக் கதவையும் சாத்திவிட்டு வீடே படுத்திருக்கும். தெருப்பக்கத்து ஜன்னல் பலகையில் ஆணி பிடுங்கிய ஒரு துளை. அதற்கு எதிர்ச்சுவரில் தெரு தெரியும், தலைகீழாக. எதிர்வீட்டுக் கொடியில் காயும் நீலப் புடவை மேல்நோக்கித் தொங்கும். சைக்கிளில் போகிறவர் தலையைக் கீழே வைத்துக்கொண்டு, எதிர்த்திசையில் ஊர்ந்து போவார். எட்டு வயதில் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே பல மதியங்களைக் கழித்திருக்கிறேன். அது எப்படி அங்கே வருகிறது என்று கேட்கத் தோன்றியதில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் ஒருவர் அதைக் கேட்டார். இப்னு அல்-ஹைதம் என்று பெயர். அந்தக் காலத்தில் அரபு மொழியில் அறிவியல் எழுதிய அறிஞர்களில் ஒருவர்; அவர்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஏறத்தாழ 965இல், இன்றைய ஈராக்கின் பஸ்ரா நகரில் பிறந்தவர். ‘கிதாப் அல்-மனாழிர்’ என்று பார்வையைப் பற்றி ஏழு பாகங்களில் ஒரு நூல் எழுதினார்.

நாம் எப்படிப் பார்க்கிறோம் என்ற கேள்வியில் அவருக்கு முன்பே இரண்டு கட்சிகள் இருந்தன. யூக்ளிட், தாலமி போன்ற கணிதக்காரர்கள், கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுகிறது, அதனால்தான் நாம் பார்க்கிறோம் என்றார்கள். அரிஸ்டாட்டில் பக்கத்தினர், பொருளிலிருந்துதான் ஏதோ ஒன்று கண்ணுக்கு வருகிறது என்றார்கள். முதல் கட்சியிடம் அழகான வடிவியல் இருந்தது. இரண்டாவது கட்சியிடம் அது இல்லை. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வழக்கு இழுத்துக்கொண்டே இருந்தது.

இப்னு அல்-ஹைதம் மிக எளிய இடத்திலிருந்து தொடங்கினார். சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறது. பளீரென்ற ஒன்றைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு இருட்டுக்குள் திரும்பினால், அதன் உருவம் கண்ணுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கதிர் நம் கண்ணிலிருந்து வெளியே போவதாக இருந்தால் கண் ஏன் வலிக்க வேண்டும்? வெளியிலிருந்து ஒளி உள்ளே வந்து கண்ணை ஏதோ செய்கிறது என்றுதானே அர்த்தம்?

அடுத்து இருட்டறைக்குப் போனார். அறைக்கு வெளியே, ஒரு சிறு துளைக்கு எதிரே, பல விளக்குகளைப் பக்கம் பக்கமாக வைத்தார். உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் ஒரு பொட்டு மட்டும் காணாமல் போகிறது; திறந்தால் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. மறைந்த பொட்டையும் துளையையும் விளக்கையும் இணைத்துப் பார்த்தால் ஒரே நேர்கோடு. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மின்சாரம் போன இரவில் மூன்று மெழுகுவத்தி, நடுவில் ஊசித்துளை போட்ட ஓர் அட்டை, அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாள் போதும். இடது ஓரத்து மெழுகுவத்தியைக் கையால் மறைத்துப் பாருங்கள். தாளில் வலது ஓரத்துப் பொட்டு அணையும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒளி நேர்கோட்டில் போகிறது. மூன்று விளக்கின் ஒளியும் ஒரே துளை வழியாக நுழைந்தாலும் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை. மேலிருந்து வரும் ஒளி துளையைத் தாண்டியதும் கீழே விழுகிறது, கீழிருந்து வருவது மேலே போகிறது. எங்கள் சுவரில் புடவை மேல்நோக்கித் தொங்கியதற்கு அதுதான் காரணம். ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி கிளம்புகிறது, அதில் கண்ணை வந்தடைவதைக் கொண்டு நாம் பார்க்கிறோம் என்று அவர் ஒரு கணக்கே போட்டுக் காட்டினார். ஒளி வெளியிலிருந்து வருகிறது என்ற இரண்டாம் கட்சியின் கருத்தையும், முதல் கட்சியின் வடிவியலையும் ஒன்றாக இணைத்ததுதான் அவருடைய பெரிய சாதனை. இப்படிச் செய்து பார்த்துச் சரிபார்ப்பதற்கு அவர் வைத்த சொல் ‘இஃதிபார்’.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘கமரா’ என்ற அரபுச் சொல்லிலிருந்துதான் ‘கேமரா’ வந்தது என்றும், இப்னு அல்-ஹைதம்தான் கேமராவைக் கண்டுபிடித்தார் என்றும் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். இரண்டும் சரியில்லை. கேமரா என்பது லத்தீனில் அறையைக் குறிக்கும் சொல். துளை வழியாக விழும் பிம்பத்தைச் சீனர்களும் கிரேக்கர்களும் அவருக்கு வெகுகாலம் முன்பே கவனித்திருக்கிறார்கள். கவனித்ததைக் கொண்டு ஒரு கோட்பாட்டையே சோதித்தது அவர் வேலை. அவருக்குப் பொய்யான பட்டம் தேவையில்லை.

யார் இவர்கள்?

பள்ளிப் பாடத்தில் ‘அரபு அறிஞர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தச் சொல் பாதிதான் உண்மை. இயற்கணிதத்தின் அல்-குவாரிஸ்மி பேரிலேயே ஊர் இருக்கிறது: மத்திய ஆசியாவின் குவாரிஸ்ம். மருத்துவர் இப்னு சீனா பிறந்தது அதே மத்திய ஆசியாவின் புகாரா பக்கத்தில். இன்னொரு மருத்துவர் அல்-ராஸி ஈரானின் ரய் நகரத்துக்காரர். மொழிபெயர்ப்பாளர்களில் மிகப் பெரியவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். கணிதர் தாபித் இப்னு குர்ரா, இன்றைய துருக்கியிலுள்ள ஹர்ரான் நகரில் விண்மீன்களை வழிபட்ட சாபியர் சமூகத்தவர். யூதர்களும் இருந்தார்கள். மொத்தத்தில் இந்த அறிஞர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அரபு மொழி. ஸ்பெயினின் கோர்டோபாவில் எழுதியதை மத்திய ஆசியாவின் சமர்கந்தில் படிக்க முடிந்தது. ஒரு மொழி இவ்வளவு பரந்த நிலத்தில் அறிவியலுக்கு உழைத்தது அதற்கு முன் நடந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

இதன் தொடக்கம் பாக்தாத். 762இல் கலீபா அல்-மன்சூர் கட்டத் தொடங்கிய வட்ட வடிவ நகரம். அந்த நூற்றாண்டிலேயே சமர்கந்து வழியாகச் சீனக் காகிதம் அங்கே வந்து சேர்ந்தது. தோலையும் பாப்பிரஸையும்விட மலிவு, புத்தகங்கள் பெருகின. 813 முதல் 833 வரை ஆண்ட அல்-மாமூன் காலத்தில் கிரேக்கம், சிரியாக், பாரசீகம், சமஸ்கிருதம் எல்லாவற்றிலிருந்தும் நூல்கள் அரபுக்கு வந்துகொண்டிருந்தன.

மொழிபெயர்ப்பு என்றால் ஏதோ எழுத்தர் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. ஹுனைன் தன் வேலையைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிய, நிரூபணம் பற்றிய ஒரு நூலைத் தேடி அவர் மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை அலைந்தார். கடைசியில் டமாஸ்கஸில் பாதி கிடைத்தது, அதுவும் ஏடுகள் குலைந்து. ஒரே நூலின் பல பிரதிகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சரியான பாடம் எது என்று முடிவு செய்த பிறகுதான் மொழிபெயர்ப்பில் கைவைப்பார். பழைய ஓலைகளைத் தேடி ஊர் ஊராகப் போன நம் பதிப்பாசிரியர்களின் கதை தெரிந்தவர்களுக்கு ஹுனைன் நெருக்கமானவராகத் தெரிவார்.

இந்தியாவிலிருந்து போனவையும் உண்டு. 628இல் பிரம்மகுப்தர் எழுதிய வானியல் நூலின் கணக்குகள் அல்-மன்சூர் காலத்திலேயே அரபுக்குப் போய்விட்டன. நம்முடைய பத்து இலக்கங்களும் போயின. ‘சூன்யம்’ என்பதை அரபில் ‘சிஃப்ர்’, அதாவது வெறுமை என்று மொழிபெயர்த்தார்கள். அது லத்தீன் போய், ஐரோப்பா சுற்றி, ஆங்கிலம் வழியாக நம்மிடம் ‘சைபர்’ ஆகத் திரும்பி வந்தது. என் தாத்தா பூஜ்யம் என்று சொல்லிக் கேட்டதில்லை. பரீட்சை மார்க்கைப் பார்த்து ‘சைபரா?’ என்றுதான் கேட்பார். உலகம் இன்று ‘அரபு எண்கள்’ என்று சொல்வதை அரபுகள் ‘இந்திய எண்கள்’ என்றே அழைத்தார்கள். எங்கிருந்து வாங்கினோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

இன்னொரு சொல்லின் பயணம் இதைவிட விசித்திரம். முக்கோணவியலில் ‘சைன்’ படித்திருப்போம். சமஸ்கிருதத்தில் அதற்கு ‘ஜ்யா’ அல்லது ‘ஜீவா’, வில்லின் நாண் என்று பொருள். அரபுகள் ஒலியை அப்படியே வைத்து ‘ஜீப’ என்றார்கள். அரபில் குறில் உயிர்களை எழுதும் வழக்கமில்லை. ஜ், ப் என்ற எழுத்துகளைப் பார்த்த பின்னாள் வாசகர்கள், தங்களுக்குப் பழக்கமான ‘ஜைப்’ என்ற சொல்லாக அதைப் படித்தார்கள். சட்டையின் கழுத்து மடிப்பு, மார்புப் பக்கம் என்று அதற்குப் பொருள். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குக் கொண்டு போனவர்கள் அதை, மடிப்பு என்றே பொருள்படும் ‘சைனஸ்’ என்று பொருள்பெயர்த்தார்கள். அதே ‘ஜைப்’ உருது வழியாகத் தமிழுக்குள் வந்து ‘ஜேபு’ ஆனது. ஆகவே பள்ளிக்கூடத்து சைனும் பேருந்து நிலையத்து ஜேப்படியும் ஒரே சொல்லின் வழியில் வந்தவை.

உடைந்ததைச் சேர்ப்பது

அல்-குவாரிஸ்மி (ஏறத்தாழ 780–850) அல்-மாமூன் காலத்தவர். அவர் எழுதிய ‘அல்-ஜப்ர் வல்-முகாபலா’ என்ற கணக்கு நூலின் தலைப்பிலிருந்துதான் ‘அல்ஜீப்ரா’ பிறந்தது. அவருடைய பெயரே லத்தீனில் திரிந்து ‘அல்காரிதம்’ ஆயிற்று. அல்-ஜப்ர் என்றால் உடைந்ததை ஒட்டிச் சேர்ப்பது. ஸ்பானிய மொழியில் ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்று நெடுங்காலம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரைச் சொன்னார்கள். புத்தூர் கட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமன்பாட்டின் ஒரு பக்கம் ஏதாவது கழித்துக் குறைபட்டு நின்றால், அதை இரு பக்கமும் கூட்டி முழுமையாக்குவதுதான் அல்-ஜப்ர்.

அவர் புத்தகத்தில் கூட்டல் குறி கிடையாது, கழித்தல் குறி கிடையாது. கணக்கு முழுவதும் சொற்களில்தான். அவருடைய புகழ்பெற்ற கணக்கு இது: ‘ஒரு வர்க்கமும் அதன் பத்து மூலங்களும் சேர்ந்தால் 39. அந்த வர்க்கம் எது?’ அதாவது ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வரவேண்டும்.

கத்தரிக்கோலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரம் வெட்டுங்கள். அதன் பக்கம் எவ்வளவு என்று தெரியாது, அதைத்தான் தேடுகிறோம். பத்து மடங்கு என்பதை இரண்டு ஐந்து மடங்காகப் பிரித்து, 5 அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டி, ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கமும் மற்றதை அடியிலும் ஒட்டுங்கள். இப்போது இருக்கும் மொத்தப் பரப்பு 39. வடிவத்தைப் பாருங்கள்: கிட்டத்தட்ட பெரிய சதுரம், கீழ் வலது மூலை மட்டும் காலி. அந்த மூலை ஐந்துக்கு ஐந்து, பரப்பு 25. அதையும் வெட்டி அடைத்தால் 39 உடன் 25 சேர்ந்து 64 ஆகிறது. முழுச் சதுரத்தின் பரப்பு 64 என்றால் பக்கம் 8. அதில் நாம் ஒட்டிய 5 போனால் மிச்சம் 3. சரிபாருங்கள்: மூன்றின் வர்க்கம் 9, பத்து மடங்கு 30, மொத்தம் 39.

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டுக்கான சூத்திரத்தை நான் உருப்போட்டுத்தான் படித்தேன். காலியாக நிற்கும் அந்த மூலையை ஒருவர் காட்டியிருந்தால் உருப்போட வேண்டியிருந்திருக்காது. இப்படிச் சதுரத்தை நிரப்பும் வேலை பாபிலோனியர் காலத்திலிருந்தே உண்டு. அல்-குவாரிஸ்மி செய்தது, கணக்குகளை வகை பிரித்தது. எதிர்ம எண் அவரிடம் இல்லாததால் ஆறு வகை. எந்தக் கணக்கு வந்தாலும் அதை இந்த ஆறில் ஒன்றாக மாற்று. மாற்றிய பின் இந்த இந்தப் படிகளைச் செய். ஏன் சரி என்பதற்கு இதோ படம். தனித்தனிப் புதிர்களாகக் கிடந்தவை ஒரு முறையாக ஆயின.

புத்தகத்தில் ஏறத்தாழப் பாதி பாகப்பிரிவினைக் கணக்கு என்பதைப் பலர் சொல்வதில்லை. இஸ்லாமியச் சட்டப்படி, இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்றால் சொத்தை 24 கூறாக்கி 3, 14, 7 என்று பிரிக்க வேண்டும். நடுவில் கடனும் உயிலும் நுழைந்துவிட்டால் தெரியாத எண்ணைத் தேடாமல் முடியாது. தொழுகை நேரம், தொழும்போது மக்காவை நோக்கி நிற்க வேண்டிய கிப்லா திசை, பிறை பார்ப்பது, வரி, நில அளவை என்று அன்றாடத் தேவைகள் பல இந்த அறிவியலைத் தள்ளிக்கொண்டு போயின.

பெரியவர்களைச் சந்தேகிப்பது

இவர்கள் கிரேக்க அறிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பாதுகாத்து, பிறகு ஐரோப்பாவிடம் சாவியைக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் கதைதான். எனக்கு அது பெரும் அநியாயமாகப் படுகிறது, ஏனென்றால் இவர்கள் எழுதிய நூல்களின் தலைப்புகளே வேறு சொல்கின்றன. அல்-ராஸி எழுதிய ஒரு நூலின் பெயர் ‘கேலன் மீதான சந்தேகங்கள்’. இப்னு அல்-ஹைதம் எழுதிய ஒன்று ‘தாலமி மீதான சந்தேகங்கள்’. சந்தேகங்கள் என்பதற்கு அரபில் அவர்கள் வைத்த சொல் ‘ஷுகூக்’.

அல்-ராஸி (ஏறத்தாழ 865–925) ரய்யிலும் பாக்தாத்திலும் மருத்துவமனைகளை நடத்தியவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி விளக்கியவர். கேலன் தனக்கு எவ்வளவோ கற்றுக்கொடுத்த பெருந்தகை, அவரை மறுப்பது வேதனையாக இருக்கிறது, ஆனால் மருத்துவம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் விஷயமில்லை என்று முன்னுரையிலேயே சொல்கிறார். மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளிகளில் ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் எடுத்தும், இன்னொரு கூட்டத்தாருக்கு வேண்டுமென்றே எடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்ததாக அவர் குறிப்பு இருக்கிறது. இரத்தம் எடுக்கும் சிகிச்சையை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். அவர் அதைச் சோதிக்க நினைத்த வழியைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம்.

இப்னு அல்-ஹைதம் தாலமியிடம் கண்ட குறை வேறு மாதிரி. கோள்களின் கணக்கு சரியாக வர வேண்டும் என்பதற்காக, உண்மையில் இருக்கவே முடியாத ஓர் அமைப்பைத் தாலமி வைத்துவிட்டார் என்றார். முன்னோர் நூலைப் படிக்கிறவன் அதன் எதிரியாக நின்று எல்லாப் பக்கமும் தாக்கிப் பார்க்க வேண்டும், தன்னையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும் என்று அதே நூலில் எழுதினார். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1259இல் ஈரானின் மராகா வானாய்வகத்தைத் தொடங்கிய நசீருத்தீன் தூசி ஓர் உத்தி செய்தார்: ஒரு வளையத்துக்குள் சரியாகப் பாதி அளவுள்ள சிறிய வளையம் உருண்டால், அதன் விளிம்பிலுள்ள புள்ளி வளையாமல் நேர்கோட்டில் போய் வரும். டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிப்பவராக இருந்த இப்னு அல்-ஷாதிர், 14ஆம் நூற்றாண்டில், சந்திரனுக்கு ஒரு புது அமைப்பு தந்தார். இந்த இரண்டுமே 1543இல் வந்த கோபர்நிக்கஸின் நூலில் இருக்கின்றன. அவை அவரிடம் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தன என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அல்பிரூனியை நாம் பள்ளியில் ‘அல்பெருனி’ என்று படித்திருப்போம், கஜினி முகமது காலத்தில் இந்தியாவைப் பற்றி எழுதியவராக. அவர் சமஸ்கிருதம் கற்றுக்கொண்டு பண்டிதர்களோடு உட்கார்ந்து பேசி எழுதிய மனிதர். இன்று பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையில் இருந்தபோது பூமியின் அளவையும் கணக்கிட்டார். அல்-மாமூனின் ஆட்கள் இதே வேலைக்குப் பாலைவனத்தில் வடக்கும் தெற்குமாக, துருவ நட்சத்திரத்தின் உயரம் ஒரு பாகை மாறும்வரை நடந்தார்கள். அல்பிரூனி நடக்கவில்லை. மலை ஒன்றின் உயரத்தை முதலில் அளந்தார். பிறகு உச்சியில் நின்று தொடுவானத்தைப் பார்த்தார். பூமி தட்டையாக, முடிவே இல்லாமல் இருந்தால் தொடுவானம் கண்மட்டத்திலேயே இருக்கும். உருண்டை என்பதால் கொஞ்சம் தாழ்ந்து தெரியும். அந்தத் தாழ்வுக் கோணமும் மலையின் உயரமும் தெரிந்தால் மிச்சம் முக்கோணக் கணக்கு. விடை உண்மைக்கு எவ்வளவு நெருக்கம் என்பது, அவர் காலத்து முழம் எவ்வளவு நீளம் என்று நாம் வைத்துக்கொள்வதைப் பொறுத்தது. காற்றில் ஒளி வளைவதும் கோணத்தை மாற்றிவிடும். அதனால் ‘அச்சு அசலாகச் சொன்னார்’ என்ற பேச்சில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு மலையும் ஒரு கோணமானியும் கொண்டு உலகத்தை அளக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே எனக்குப் போதும்.

இங்கே விரித்துச் சொல்ல இடமில்லாதவர்கள் ஏராளம். கோர்டோபா பக்கத்து அல்-சஹ்ராவி அறுவைக் கருவிகளைப் படம் வரைந்தே விளக்கினார். ஒமர் கய்யாமைக் கவிஞராக அறிவோம். முப்படிச் சமன்பாடுகளைத் தீர்த்த கணிதர் அவர். இப்னு சீனாவின் ‘கானூன்’ ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17ஆம் நூற்றாண்டு வரை பாடநூலாக இருந்தது. 1258இல் மங்கோலியர் பாக்தாத்தை அழித்ததோடு எல்லாம் முடிந்தது என்பார்கள். இப்னு அல்-ஷாதிர் பிறந்ததே அதற்குப் பிறகுதான். சமர்கந்தில் மன்னர் உலுக் பேக் ஏறத்தாழ 40 மீட்டர் ஆரமுள்ள கோணமானியைப் பாதி தரைக்கடியில் புதைத்துக் கட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்தது 15ஆம் நூற்றாண்டில்.

தவறுகளும் உண்டு. கண்ணில் பார்க்கும் வேலையைச் செய்வது விழிவில்லை என்றே இப்னு அல்-ஹைதம் நினைத்தார். உருவம் தலைகீழாக விழித்திரையில் விழுகிறது என்று சொல்ல, அவருடைய நூலை லத்தீனில் படித்த வானியலர் கெப்ளர் 1604இல் வர வேண்டியிருந்தது.

இன்னொருவர் எழுதியதோ நெடுங்காலம் பரவலாகத் தெரியாமலே கிடந்தது. இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இரத்தம் கசிகிறது என்று கேலன் சொல்லியிருந்தார். இப்னு சீனாவும் அதை ஏற்றிருந்தார். 1242இல், இப்னு சீனாவின் நூலுக்கு உரை எழுதப் புகுந்த இப்னு அல்-நஃபீஸ் என்ற இளம் மருத்துவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். அந்தச் சுவர் தடித்தது, அதில் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை. இரத்தம் நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, அதன் பிறகுதான் இடது பக்கம் வருகிறது என்று எழுதினார். ஐரோப்பாவில் இது அச்சில் வர 1553 ஆயிற்று. 1924இல் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த முஹ்யித்தீன் அல்-ததாவி என்ற எகிப்திய மருத்துவர், பெர்லின் நூலகத்தில் ஒரு பழைய அரபுக் கையெழுத்துப் பிரதியைப் படித்தபோதுதான் ‘துளை இல்லை’ என்ற அந்த வரி மறுபடி உலகுக்குத் தெரிந்தது.